ஓவியத்துக்கு இரண்டு வாரம், சுவருக்கு எத்தனை நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாலத் தூண், பள்ளி மதில், ரயில் நிலையம், பூங்காச் சுற்றுச்சுவர் என்று ஊர்தோறும் ஓவியம் தீட்டப்படும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி படத்தோடு வருகிறது. படம் எடுப்பது திறந்துவைக்கும் நாளில். இரண்டு மழைக்காலம் போனபின் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடி வரை வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கும். மாட்டு வண்டிக்குச் சக்கரம் இருக்காது. சிவப்புச் சேலை வெளிறி இளஞ்சிவப்பாகியிருக்கும். உதிர்ந்த இடத்தில் என்றோ முடிந்த தேர்தலின் சின்னம் எட்டிப் பார்க்கும்.

ஓவியரைக் குறை சொல்வார்கள். இல்லாவிட்டால் பெயிண்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலான சுவர்களில் இரண்டுமே காரணமில்லை. சுவரை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஒப்பந்தப்புள்ளியில் மட்டும் அது ஏறுவதில்லை. அங்கே ‘சுவரோவியம், சதுர அடிக்கு இவ்வளவு’ என்று ஒரே வரிதான். சுரண்டுவது, கழுவுவது, காயவிடுவது, பிரைமர் என்னும் அடிப்பூச்சு, சாரம், ஓவியம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை என்றால் அவர் முதலில் எதைக் குறைப்பார்? படத்தில் தெரியாததைத்தான்.

நம் ஊர் மதிலுக்கென்றே ஒரு நோய் உண்டு. பல பத்தாண்டுகளாக நம் மதில்கள் கட்சிகளின் பலகை. சுவரைப் பிடிக்க முதலில் சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரும் ஆண்டும் போட்டுவிடுவார்கள். அதன்மேல் தூள் வண்ணத்தில் பசை கலந்து எழுத்து. அடுத்த தேர்தலுக்கு அந்த எழுத்தின்மேலேயே மறுபடி சுண்ணாம்பு. இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து சுவரின்மேல் ஓடு கட்டிவிடுகிறது. பார்க்கக் கெட்டியாக இருக்கும். உண்மையில் ஒரு சுண்ணாம்பு அடுக்கின்மேல் இன்னொன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது; பிடிப்பு கிடையாது. அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷன் பூசினால், காயும்போது அந்தப் படலம் சுருங்கும். சுருங்கும் படலம் தன்னைவிட வலுக்குறைந்த சுண்ணாம்பைப் பிடித்து இழுக்கும். முதல் கோடையில் மயிரிழை வெடிப்பு விழும், முதல் மழையில் அந்த வெடிப்பில் நீர் இறங்கும், பிறகு அப்பளம்போல எழும்பிக் கையோடு வரும்.

உதிர்ந்த பொருக்கைக் குப்பையில் போடுவதற்குமுன் திருப்பிப் பாருங்கள். காரணம் அதன் முதுகில் எழுதியிருக்கிறது. வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் சுண்ணாம்பைச் சுரண்டாமல் பூசியிருக்கிறார்கள். சாம்பல் நிற மணல் ஒட்டியிருந்தால் சிமெண்ட் பூச்சே மட்டம். கலவையில் சிமெண்ட் போதவில்லை, அல்லது பூசியபின் தண்ணீர் ஊற்றி ஆறவிடவில்லை. வழவழவென்று சுத்தமாக இருந்தால் அடியில் பழைய எனாமலோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்திருக்கிறது. பளபளவென்று பொடிப் படிகங்கள் தெரிந்தால் உப்பு, அதாவது சுவருக்குள் ஊறும் ஈரமான ஓதம்.

சுண்ணாம்புக்கு அடுத்த தொல்லை போஸ்டர் பசை. தாளைக் கிழித்து எடுத்துவிட்டால் சுவர் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மைதாப் பசை பூச்சின் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். மைதா பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும், கார்த்திகை மாத ஈரத்தில் பழைய போஸ்டரின் சதுர வடிவத்திலேயே கறுப்புப் புள்ளிகள் மேலெழும். வெந்நீரை ஊற்றி ஊறவிட்டு, நார்ப் பிரஷால் தேய்த்து, இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவுவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

மூன்றாவது, ஓதம். சுற்றுச்சுவருக்கு அடியில் ஓதத் தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் மண்ணிலிருந்து நீர் செங்கல் வழியாக இரண்டு மூன்று அடி ஏறும். ஏறும் நீர் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். வெளியே வந்து நீர் ஆவியாகிவிட, உப்பு படலத்துக்குப் பின்னால் தங்கிப் படிகமாகும். படிகம் வளர வளரப் படலத்தை வெளியே தள்ளும். இந்தச் சுவரில் பெயிண்ட் நிற்காததற்குப் பெயிண்டைத் திட்டிப் பயனில்லை. அப்படிப்பட்ட மதிலில் கீழ் மூன்றடியை ஓவியத்திலிருந்து விலக்கிவிட வேண்டும். அங்கே ஒரே நிறப் பட்டை அடித்து, ஆண்டுக்கொருமுறை அதை மட்டும் புதுப்பிப்பதாக வைத்துக்கொண்டால் மேலே உள்ள ஓவியம் பிழைக்கும். மண் தாங்கும் சுவராக இருந்தால் அதில் நீர் வடியத் துளைகள் விட்டிருப்பார்கள். ஓவியத்தின் நடுவில் அசிங்கமாக இருக்கிறதென்று அவற்றைச் சிமெண்ட் வைத்து அடைத்த சுவர்கள் உண்டு. அடைத்தால் பின்னால் தேங்கும் நீர் சுவர் முழுவதும் கசியும். ஓவியம் மட்டுமல்ல, சுவரே ஆபத்தில். துளையை ஓவியத்துக்குள் சேர்த்துக்கொள்ளத் தெரியாதவர் அந்தச் சுவரை எடுக்கக் கூடாது.

அடுக்குமாடிகளின் பக்கச் சுவரில் கதை வேறு. சென்னை கண்ணகி நகரில் 2020-ல் பெரிய சுவரோவியங்கள் வந்தபின் மற்ற ஊர்களிலும் உயரமான சுவர்மீது ஆசை வந்திருக்கிறது. அங்கே ஓதம் கீழிருந்து வராது. குளியலறைக் குழாயின் இணைப்பிலிருந்தும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்தும் இறங்கும். ஆகவே முதலில் கூப்பிட வேண்டியவர் பிளம்பர். கைப்பிடிச் சுவரின் தலையில் வெளிப்பக்கம் நீர் சொட்டும்படி ஒரு விளிம்பு இல்லாவிட்டால், ஒவ்வொரு மழையிலும் மாடித் தூசி கரைந்து ஓவியத்தின்மேல் கண்மை வழிந்ததுபோல் கறுப்புக் கோடுகளாக இறங்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கை வெளுத்தால் சுரண்டும் வேலை இருக்கிறது. அட்டைப்பெட்டி ஒட்டும் அகல டேப்பைச் சுவரில் ஒட்டி, நகத்தால் தேய்த்து, வெடுக்கென்று இழுக்க வேண்டும். டேப்போடு பொருக்கு வந்தால் பழைய பூச்சு முழுவதையும் எடுத்தாக வேண்டும். கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ எனாமலோ இருக்கிறது. கடைசியாக, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, மாலையில் வைத்து மறுநாள் காலை பிரிக்க வேண்டும். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, ஓவியம் அப்புறம். இந்தத் தாளைத் தரைக்கு அருகில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தலைக்குமேல் ஒன்று என மூன்று உயரத்தில் ஒட்டினால் ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சுத்தம் செய்வதிலும் வரிசை முக்கியம். உப்புப் பூத்திருந்தால் அதைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், பெயிண்ட் அடித்தபின் திரும்பி வரும். அதன்பின் இரும்புச் சுரண்டி, கம்பிப் பிரஷ். பாசி இருந்தால் பத்து லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ ப்ளீச்சிங் பவுடர் கலக்கித் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் அடிக்க வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அதையும் சேர்த்து அடித்தால் கஷ்டப்பட்டுச் சுரண்டியதை நாமே திரும்பப் பூசியதாகும். கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவலாம். ப்ளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் கழிப்பறைக் கழுவும் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றக் கூடாது, கிளம்புவது நச்சுவாயு. கழுவிய சுவர் வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள், மற்ற மாதங்களில் ஒரு வாரம் காய வேண்டும்.

பள்ளிகளில் மாணவர்களை வைத்துச் சுரண்டச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதி நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும், ஈயம் கலந்ததாக இருக்கலாம். அதை உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூச்சில் போகும். பெரியவர்கள், முகமூடியோடு, நனைத்துத் தேய்க்க வேண்டும்.

இனி பூச்சு. புதுச் சிமெண்ட் பூச்சாக இருந்தால் 28 நாள் ஆறவேண்டும். சிமெண்டின் காரம் எனாமலில் உள்ள எண்ணெயோடு சேர்ந்தால் நடப்பது சோப்புக் காய்ச்சும் அதே வேலைதான்: படலம் பிசுபிசுத்து வழியும். வெளிச்சுவர்களுக்கான அக்ரிலிக் பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு பூச்சு, அதன்மேல்தான் ஓவியம். வீட்டுக்குள் அடிக்கும் டிஸ்டெம்பரோ உட்சுவர் எமல்ஷனோ வெளியே ஒரு மழை தாங்காது. வெடிப்புகளை அக்ரிலிக் நிரப்பியால் அடைக்கலாம். ஆனால் சுவர் முழுக்கக் கனமாகப் பட்டி பார்த்து வழவழப்பாக்குவது வீண் செலவு. கனமான பட்டி ஈரம் பட்டால் பாளம் பாளமாக விழும், ஓவியத்தையும் கூட்டிக்கொண்டு.

நூறு அடி நீளம், எட்டடி உயரம், மொத்தம் 800 சதுர அடி உள்ள ஒரு மதிலை எடுத்துக்கொள்வோம். சொரசொரப்பான பூச்சில் ஒரு லிட்டர் பிரைமர் ஏறத்தாழ 100 சதுர அடி போகும். ஆக எட்டு லிட்டர். எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு பூச்சுக்கு 50 முதல் 60 சதுர அடி. ஆக 15 லிட்டர். ஓவிய வண்ணங்கள் தனி. இந்த மதிலுக்கு அடித்தள எமல்ஷன் ஐந்து லிட்டரில் முடிந்துவிட்டது என்று ஒருவர் கணக்குக் காட்டினால், மீதி பத்து லிட்டரும் தண்ணீர் என்று பொருள். அந்தத் தண்ணீரும் பல இடங்களில் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றின் உவர் நீர். அதைக் கலந்தால் உப்பை நாமே பெயிண்டுக்குள் போட்டுக்கொடுக்கிறோம். குடிக்கும் தண்ணீரைத்தான் கலக்க வேண்டும், டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு.

சிவப்பு ஏன் முதலில் வெளிறுகிறது? வண்ணத்தைக் கடைச் சாய டியூபைப் பிதுக்கிக் கலக்குவதால். அந்தச் சாயங்களில் சிவப்பு, மஞ்சள், மெஜந்தா போன்றவை வெயில் தாங்காதவை. அதோடு லிட்டருக்கு 30, 40 மில்லியைத் தாண்டிச் சாயம் சேர்த்தால் படலமே பலவீனமாகும், தேய்த்தால் கையில் ஒட்டும். வெளிச்சுவருக்கென்று இயந்திரத்தில் கலந்து தரும் வண்ணத்தை வாங்க வேண்டும். இரும்பு ஆக்சைடு காவி, காவி மஞ்சள், கறுப்பு, வெள்ளை, தாலோ நீலம், தாலோ பச்சை ஆகியவை நம் வெயிலுக்கு நின்று பிடிப்பவை. கோயில் மதிலின் காவிப்பட்டை வெயிலில் சாயம் போகாமல் நிற்பதற்குக் காரணம் பக்தி அல்ல, இரும்புத் துரு. பளிச்சிடும் ஃப்ளோரசன்ட் நிறங்களைத் திறப்பு விழாவுக்கு மட்டும் என்று எண்ணிக்கொள்ளலாம். மேற்குப் பார்த்த சுவருக்குச் சிவப்பு முக்கியமான வடிவமைப்பைக் கொடுக்காமல் இருப்பது ஓவியரின் சாமர்த்தியம்.

கைவைக்க முடியாத அளவுக்குச் சுட்ட சுவரில் பூசினால் பெயிண்ட் பிடிக்குமுன் காய்ந்துவிடும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் செய்தால் எப்போதும் நிழலில் வேலை நடக்கும். கிழக்குக் கடற்கரை மாவட்டங்களில் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஆனால் திட்டத் தொகை ஐப்பசியில் வந்து, மழைக்கு நடுவே பத்து நாளில் முடிக்கச் சொன்னால் என்ன செய்வது? மறுத்துவிட வேண்டும். மறுப்பவர்கள் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஸ்ப்ரே டப்பா பற்றி இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. பொதுச் சுவரில் பெயரும் படமும் எழுதும் கிராஃபிட்டி என்ற இந்தக் கலை தழைத்தது நியூயார்க் சுரங்க ரயில் பெட்டிகளின்மேல். டாக்கி 183 என்று ஊரெங்கும் எழுதிவைத்த இளைஞனைப் பற்றி 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது ஹிப்-ஹாப் என்ற இசைப் பண்பாட்டுக்கு அந்தப் பெயரே கிடையாது. கிராஃபிட்டியை ஹிப்-ஹாப்பின் பிள்ளை என்பவர்கள் கவனிக்க, இது அதற்கு அண்ணன். இரும்புப் பெட்டியின் பக்கம் சமதளம், உறிஞ்சாது. ஒரே வீச்சில் நிறம் மூடும். நம் மணல் பூச்சு உறிஞ்சும். சொரசொரப்பில் பள்ளங்களுக்குள் நிறம் போய்ச்சேராது. 400 மில்லி டப்பா வழவழப்பான சுவரில் 16 முதல் 20 சதுர அடி மூடும். வெறும் பூச்சில் பாதிதான். பத்துக்கு எட்டடிச் சுவரை ஸ்ப்ரேயாலேயே நிரப்பினால் பத்து டப்பா காலி. ஆகவே பெரிய பரப்பை ரோலரில் எமல்ஷனால் நிரப்பிவிட்டு, நிறச் சாய்வு, விளிம்பு, நிழல், ஒளி ஆகியவற்றுக்கு மட்டும் ஸ்ப்ரேயை எடுப்பதுதான் நம் ஊர்க் கணக்கு. எமல்ஷன் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், குறைந்தது ஒரு நாள். ஈரத்தின்மேல் ஸ்ப்ரே அடித்தால் அதன் கரைப்பான் அடிப்பூச்சைச் சுருக்கும்.

டப்பாவுக்குள் வண்ணத்தைக் கலக்கும் சிறு குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். முடித்ததும் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை ஒரு நொடி அழுத்தினால் கேப், அதாவது வண்ணம் பீய்ச்சும் முனை, அடைக்காது. வழிந்தால் காரணம் இரண்டே: கை மெதுவாகப் போகிறது, அல்லது டப்பா மிக அருகில் இருக்கிறது. மெல்லிய கோட்டுக்கு அருகில், ஆனால் வேகமாக. நிரப்ப ஒரு சாண் தள்ளி. நகரத் தொடங்கியபின் அழுத்த வேண்டும், நிறுத்துவதற்குமுன் விரலை எடுக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பெரும்பாலும் வண்டி டச்-அப்புக்கானது. அழுத்தம் அதிகம், வண்ணம் நீர்த்தது, செங்குத்துச் சுவரில் ஓடும், ஓவியர்களுக்கான மெல்லிய கேப்பும் பட்டைக் கேப்பும் அதில் பொருந்தாமல் போகும். வெயிலில் நிற்கும் காருக்குள் டப்பாவை விட்டுவிடாதீர்கள்; 50 டிகிரிக்கு மேல் வெடிக்கக்கூடும். துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியை அறவே தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசி வடிகட்டியும் சேர்ந்த ரப்பர் முகமூடி வேண்டும். உள்ளே வாசனை வரத் தொடங்கினால் கார்ட்ரிட்ஜின் ஆயுள் முடிந்தது. பள்ளி மாணவர்கள் கையில் ஸ்ப்ரே வேண்டாம், பிரஷ் போதும்.

தமிழ் எழுத்தில் இந்தப் பாணியைச் செய்ய முயல்பவர்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்: ரோமன் எழுத்துக்கான தந்திரங்களை அப்படியே கொண்டுவருவது. ரோமன் எழுத்தின் காலை நீட்டி அம்புக்குறி வைத்தால் எழுத்து மாறாது. தமிழில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே அடியில் உள்ள சிறு சாய்வு. எகரமும் ஏகாரமும் ஒரு வாலில் பிரிகின்றன. மூன்று சுழி ணகரத்தில் ஒரு சுழி நிழலுக்குள் மறைந்தால் அது இரண்டு சுழி னகரமாகிவிடும், பொருளே மாறும். குமிழ் எழுத்தில் மினுக்குக்காக வைக்கும் வெள்ளைப் பொட்டு இன்னொரு வில்லங்கம். தலைமேல் வைத்தால் அது புள்ளி, உயிர்மெய் மெய்யாகிவிடும். ஒளியை எழுத்தின் தோள்பட்டையில் கோடாக இழுத்து, ஒற்றின் புள்ளியை எழுத்தின் அதே கனத்தில், அதே நிழலோடு வரைந்தால் குழப்பம் தீரும்.

வேலை வரிசை எந்த மொழிக்கும் ஒன்றுதான். வெளிர் நிறத்தில் எழுத்தின் எலும்புக்கூடு, பிறகு நிரப்பல், பிறகு கனம் காட்டும் பக்க நிழல், அதன்பின் விளிம்புக் கோடு, ஒளி, கடைசியில் எல்லாவற்றையும் சுற்றி ஒரு வெளிக்கோடு. விளிம்பை முதலில் போட்டுவிட்டு உள்ளே நிரப்பப் போனால் இரண்டு முறை விளிம்பு போட வேண்டிவரும். எழுத்துகளின் இடைவெளியைக் கண்ணால் சமப்படுத்த வேண்டும், அளவுகோலால் அல்ல. ‘டி’ போன்றவை மேலே விரிந்து பக்கத்து எழுத்தைத் தள்ளும். பனிரெண்டு அடி உயரக் கட்சி எழுத்தை நூலடித்து, ஒரே நிழல் கோணத்தில் நூறு அடிக்கு எழுதிய சுவர் எழுத்தாளர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிளெக்ஸ் வந்தபின் வேலையிழந்த அவர்களைவிட இந்தப் பாடத்துக்கு நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார். சுவரோவியத் திட்டங்களில் ஒருவரையும் காணோம்.

பாலத் தூணில் ஓவியம் தேவையா என்பதையே யோசிக்க வேண்டும். கான்கிரீட்டில் வார்ப்புப் பலகை ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெய் தங்கியிருக்கும். சோப்புத் தண்ணீரில் தேய்க்காமல் எதுவும் பிடிக்காது. மேலே பாலத்தின் இணைப்பு இடைவெளியிலிருந்து மழைநீர் நேரே தூணின்மேல் இறங்கும். அதைவிட முக்கியம், தூணில் வெடிப்போ துருக்கசிவோ வந்தால் பரிசோதிக்கும் பொறியாளர் கண்ணில் பட வேண்டும். பல நிற ஓவியம் அதை மறைக்கும். தூணின் தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் விட்டுவிட்டு, நடுவில் வெளிர் நிறத்தில் எளிமையாகச் செய்வதே நியாயம். கருங்கல் கட்டடங்கள், சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர்கள் ஆகியவற்றில் எமல்ஷனே கூடாது. அவை மூச்சுவிடும் சுவர்கள். மூடினால் ஈரம் உள்ளே சிக்கும்.

பாதுகாப்புக்கென்று மேலே பளபள வார்னிஷ் அடிக்கும் பழக்கமும் இதே தவறுதான். ஈர ஆவியை வெளியே விடாத படலம் முதல் மழையில் கொப்பளிக்கும். அடிப்பதானால் நீர் சார்ந்த, ஆவி விடும் மங்கல் பூச்சு ஒன்று மட்டும்.

ஒப்பந்தத்தில் இல்லாத இன்னொன்று, ஓவியத்தின் ஆயுள். நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்தில் இருந்த ஓவியங்களை 2013 நவம்பரில் உரிமையாளர் முன்னறிவிப்பின்றி வெள்ளையடித்து அழித்தார். 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தர 2018-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. நம் நாட்டிலும் வழி இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி படைப்பாளிக்கு உரிமை உண்டென்று 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு சிற்பத்தின் மிச்சத்தையும் அவரிடம் திருப்பித் தரச் சொன்னது. தெருவோவியம் அதுபோல் நிரந்தரமாக இருக்க வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. ஐந்தாண்டு என்று எழுதிவிட்டு, அதற்குமுன் அழிப்பதானால் ஒரு மாதம் முன்னதாகக் கடிதம் கொடுத்தால் போதும். படம் எடுத்துக்கொள்ளவாவது முடியும்.

ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர்களிடம் நாங்கள் கேட்பது சிக்கலானதல்ல. சுவர் வேலையையும் ஓவிய வேலையையும் இரண்டு வரியாகப் பிரியுங்கள். சுவர் வேலையை அளவுப் புத்தகத்தில் ஏற்றி, டேப் சோதனை முடிந்த பிறகே அதற்குப் பணம் கொடுங்கள். ஓவியத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை பிடித்து வையுங்கள். ஒவ்வொரு நிறத்தின் பெயிண்ட் எண்ணையும் எழுதிக் கோப்பில் வைத்து, அரை லிட்டர் வீதம் மூடி சேமித்து வையுங்கள். இரண்டாம் ஆண்டு ஒட்டுப்போட அதே நிறம் வேண்டும். ஐந்தில் ஒரு சுவரைக் குறைத்துக்கொண்டாலும் செலவு சரியாகிவிடும்.

ஸ்ப்ரே பழக இடமில்லாத இளைஞர்கள் இரவில் அடுத்தவர் கதவில் எழுதுவதைத் தடுக்கப் பொதுவெளிகளை உருக்குலைப்பதற்கு எதிரான 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதோடு நகரத்துக்கு ஒரு பழகு சுவரையும் கொடுங்கள்: வழவழப்பாகப் பூசிய எட்டடிச் சுவர், மாதம் ஒருமுறை வெள்ளை ரோலர், காலி டப்பாவுக்குத் தனித் தொட்டி. படலம் கனத்துப் போகும்போது, சில ஆண்டுக்கொருமுறை, முழுவதும் சுரண்ட வேண்டும்.

மழை ஓய்ந்ததும் தையில் புதிய சுவர்களுக்கு மதிப்பீடு போட அதிகாரிகள் கிளம்புவார்கள். அளவு நாடாவோடு ஒன்றரை அடிப் பாலித்தீன் தாள் மூன்றும் ஒரு டேப் சுருளும் எடுத்துப் போகட்டும். மாலையில் ஒட்டிவிட்டு வந்து, மறுநாள் காலை பிரித்துப் பார்த்த பிறகு சதுர அடியைக் கணக்கிடட்டும்.

இப்படிக்கு,
சுவரோவியர்களும் சுவர் எழுத்தாளர்களும் சிலர்,
சென்னை